பழைய ஆம்னி வேனுக்கு மாற்று டயர்: 12 அங்குலத்திலேயே நிற்பதா, 13 அங்குலத்துக்குப் போவதா? (ஏற்காட்டு மலைப்பாதை ஓட்டம்)

நாகலூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து சற்று உள்ளே, நாகலூர்ப் பக்கம், சிறிய காப்பித் தோட்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சேலத்தில் ஒருவரிடமிருந்து 2006ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேன், எட்டு இருக்கை கொண்டது, வாங்கினேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது அஸ்தம்பட்டி வழியாக இறங்கி செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்று, மாலையில் சாமான்களுடன் ஏறுவது வழக்கம். அறுவடைக் காலத்தில் பின் இருக்கையை மடக்கிவிட்டு நான்கைந்து மூட்டைகள் ஏற்றுவதும் உண்டு.

டயர்களின் பக்கச் சுவரில் வெடிப்புகள் தெரிகின்றன. பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல் ரப்பர்க் கட்டம், இன்னும் பாதிக்கு மேல் இருப்பதால் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். சென்ற வாரம் மழையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முன்சக்கரம் வழுக்கியதும் இனித் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தேன். சேலத்தில் ஒரு டயர் கடையில் விசாரித்தபோது, இந்த 12 அங்குல அளவு இனிமேல் வராது என்றும், 13 அங்குல அலாய் வீலுடன் 155/80 ஆர்13 போட்டுவிட்டால் வண்டி உயரமாகவும் கம்பீரமாகவும் இருக்கும் என்றும் சொன்னார்கள். என் மகனுக்கும் அதில்தான் விருப்பம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இதே வண்டியை மலையில் ஓட்டுபவர்கள் என்ன போட்டிருக்கிறீர்கள்?

கொண்டலாம்பட்டி பழைய மெக்கானிக்

ஐயா, முதலில் ஒரு திருத்தம். அந்த அளவு வராது என்பது சரியல்ல. ஆம்னி 2019இல் நின்றுபோனது உண்மைதான். ஆனால் அதன் அளவாகிய 145 ஆர்12 எல்டியைத்தான் 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டி யானையும் பயன்படுத்துகிறது. குட்டி யானை இல்லாத தெரு சேலத்தில் ஏது? அந்தக் கடையில் அன்று சரக்கு இல்லை என்பதே செய்தியாக இருக்கும். சரக்கு இல்லை என்று சொல்வதைவிட, இருக்கும் சரக்கை விற்பது எந்த வியாபாரிக்கும் எளிது.

இப்போது அளவுக்கு வருவோம். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டு வகை. 12 என்பது டிஸ்க்கின், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 155/80 என்பதில் வரும் 80ஐப் போல இங்கே இரண்டாவது எண் இல்லாததால் குழம்ப வேண்டாம். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதே அந்த எண். அது அச்சிடப்படாத பழைய முறை அளவுகளில் ஏறக்குறைய 82 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் உங்கள் வண்டிக்கு உரிய டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 542 மி.மீ. கடைக்காரர் சொன்ன 155/80 ஆர்13இன் விட்டம் 578 மி.மீ. வித்தியாசம் ஆறரை விழுக்காட்டுக்குச் சற்றே மேல்.

ஆறரை விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் உங்கள் வண்டியின் எஞ்சின் 796 சி.சி. மட்டுமே. சக்கரம் பெரிதானால் எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு நீண்டுவிடும், இழுவை குறையும். கோரிமேட்டுச் சமவெளியில் அது தெரியாது. ஆளும் மூட்டையுமாக இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டிய நிலை வரும். இரண்டு பருவம் தாங்க வேண்டிய கிளட்ச் ஒரு பருவத்தில் கருகும். இறங்கும்போது பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும், ஏனென்றால் டிரம்மின் அளவு மாறவில்லை, நெம்புகோல்தான் நீண்டிருக்கிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 64இல் போய்க்கொண்டிருக்கும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: மலையில் ஓடும் ஆம்னிக்கு விட்டத்தை மாற்றவே கூடாது.

அம்மாப்பேட்டை இளைஞன்

மன்னிக்கவும், பெரியவரே. 13 அங்குலம் என்றாலே விட்டம் கூடிவிடும் என்பதுபோல் நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் ஆம்னியில் இரண்டு ஆண்டுகளாக 13 அங்குல அலாயில் 165/65 ஆர்13 ஓடுகிறது. அதன் விட்டம் சுமார் 545 மி.மீ.; அசல் அளவுக்கும் அதற்கும் மூன்று மி.மீ. கூட இல்லை. டிஸ்க் பெரிதாகும்போது பக்கச் சுவரின் உயரத்தைக் குறைத்துக்கொண்டால் மொத்த விட்டம் அப்படியே நிற்கும் என்பதுதானே கணக்கு? அகலம் கூடியதால் வண்டி வளைவில் நன்றாக ஒட்டுகிறது. பார்ப்பதற்கும் அழகாக இருக்கிறது. டியூப்லெஸ் என்பதால் பஞ்சர் ஆனாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். நள்ளிரவில் மலைப்பாதையில் நின்று ஸ்டெப்னி மாற்றியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கொண்டலாம்பட்டி பழைய மெக்கானிக்

தம்பி, கணக்கு சரிதான். நான் அதை விட்டுவிட்டது என் பிழை. விட்டத்தை மட்டும் பார்த்தால் 165/65 ஆர்13 பொருந்தும். 155/65 ஆர்13 கூட 532 மி.மீ. வரும், இரண்டு விழுக்காடுதான் குறைவு. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். உங்கள் வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, அதே நேரத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் அமுங்கும்போது டயர் எங்கேயாவது உரசுகிறதா?

அம்மாப்பேட்டை இளைஞன்

பெரும்பாலும் நானும் என் மனைவியும்தான். உரசல் ஒரு முறை கேட்டது, ஐந்து ரோட்டில் வேகத்தடை ஒன்றில். சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின் விளிம்பைச் சற்று மடக்கிவிட்டார்கள், அதன்பின் கேட்கவில்லை.

சங்ககிரி லாரிக்காரர்

நானும் இதில் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் ஊரில் டயரைப் பற்றிப் பேசாத திண்ணை இல்லை. அகலமும் விட்டமும் பேசினீர்கள். சுமையைப் பற்றி யாரும் பேசவில்லை. லாரிக்காரனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

டயரின் பக்கச் சுவரில், அளவுக்குப் பக்கத்தில், இரண்டு இலக்க எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண் சுமைக் குறியீடு, எழுத்து வேகக் குறியீடு. 69 என்றால் அந்த ஒரு டயர் 325 கிலோ தாங்கும். 73 என்றால் 365. 74 என்றால் 375. 77 என்றால் 412. 80 என்றால் 450. 86 என்றால் 530. எழுத்தைப் பற்றி ஆம்னிக்காரர் கவலைப்பட வேண்டாம். எஸ் என்ற எழுத்துக்கே 180 கி.மீ. வேகம், அதை உங்கள் வண்டி கனவிலும் எட்டாது.

எட்டு இருக்கை ஆம்னியின் நிறை எடை, அதாவது சுமையோடு சேர்த்த உச்ச எடை, 1,385 கிலோ. பதிவுச் சான்றில் பாருங்கள், இருக்கும். ஆளும் சாமானும் ஏறினால் பாதிக்கு மேல் பின் அச்சுக்குத்தான் போகும். சரிபாதி என்றே வைத்துக்கொண்டாலும் பின்சக்கரம் ஒன்றுக்கு 346 கிலோ வருகிறது. ஆகவே 74 குறியீடு கொண்ட கார் டயரில் மிச்சம் இருப்பது முப்பது கிலோ கூட இல்லை. 73இல் இருபதும் இல்லை. மூட்டையை ஏற்றிவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். அந்த முப்பது கிலோ அங்கேயே தீர்ந்துவிடும். தம்பியின் 165/65இல் குறியீடு 77 என்றால், இரண்டு பேர் போவதற்கு அது தாராளம். நாகலூர் ஐயாவின் மூட்டைகளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

எல்டி என்று போட்ட டயர்கள் இலகு சரக்கு வண்டிக்கென்று கெட்டியான உடலோடு செய்யப்படுபவை. ஆம்னிக்கு உரியது 6 பி.ஆர். (பி.ஆர். என்பது டயர்க் கட்டின் பலத்தைக் குறிக்கும் எண்), குட்டி யானைக்கு உரியது 8 பி.ஆர். முன்னதன் சுமைக் குறியீடு 80, பின்னதன் குறியீடு 86. இங்கே ஓர் எச்சரிக்கை: 8 பி.ஆர். போட்டால் இன்னும் பலம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 530 கிலோவைத் தாங்குவது டயரின் கட்டு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் காற்று. பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்சக் காற்றை அடைத்தால்தான் அந்தச் சுமை. கார் டயருக்கு அடைப்பதைப்போல 28, 30 பவுண்டு என்று அடைத்துக்கொண்டு 8 பி.ஆர். போட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினால், பலம் வராது. கல்லின் மேல் போவதுபோன்ற குலுக்கல் மட்டுமே வரும். வெறும் வண்டியாக ஓடும்போது பின்பகுதி துள்ளும்; ஈரச் சாலையில் துள்ளுகிற சக்கரம் பிடிக்காது. ஆகையால் 6 பி.ஆர். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவது, போடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: லாரியின் பின்சக்கரத்துக்கு அது நல்ல சிக்கனம். வெடித்த பக்கச் சுவர் கொண்ட பழைய வேன் டயருக்கு அது வீண்.

நாகலூர்க்காரர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன எண்களைப் படித்தபின், இன்று காலை துணியும் சுண்ணாம்புக் கட்டியுமாக வண்டியின் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு டயராகத் துடைத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக ஓட்டிய வண்டியை இன்றுதான் முதல் முறையாகப் பார்த்தது போலிருந்தது.

பின்னால் இருக்கும் இரண்டும் 145 ஆர்12 எல்டி. முன்னால் இருக்கும் இரண்டும் 145/80 ஆர்12, குறியீடு 74, கார் டயர்கள். ஸ்டெப்னியோ 145/70 ஆர்12, குறியீடு 69. மாருதி 800க்கு உரிய அளவு. விற்றவர் மூன்று இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்; வாங்கும்போது பட்டனின் ஆழத்தைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு பின்சக்கரம் பஞ்சராகி இந்த ஸ்டெப்னியை மாட்டி, சேலத்திலிருந்து மலை ஏறியதும் இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து அதற்குச் செலவும் செய்தேன்.

நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படித்தேன். பின் டயர்களில் 3215, முன் டயர்களில் 0818, ஸ்டெப்னியில் 1109. இது தயாரித்த தேதிதானே?

கொண்டலாம்பட்டி பழைய மெக்கானிக்

ஆம். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. உங்கள் பின் டயர்கள் 2015ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் பிறந்தவை, ஸ்டெப்னி 2009இல். பட்டன் இருந்து என்ன பயன், ரப்பர் உயிரை விட்டுவிட்டது. மழையில் வழுக்கியதற்குக் காரணம் தேய்மானம் என்பதைவிட, இறுகிப்போன ரப்பர் என்றே சொல்வேன். ஐந்தையும் கழற்றிவிடுங்கள், ஐந்து என்று சொல்கிறேன், நான்கு அல்ல.

ஸ்டெப்னி பின்னால் மாட்டியபோது வண்டி இழுத்ததற்கும் காரணம் இதுதான். 145/70 ஆர்12இன் விட்டம் 508 மி.மீ.; பக்கத்துச் சக்கரம் 542. ஆம்னிக்குப் பின்சக்கர இழுவை. ஒரே அச்சில் இரு அளவுகள் இருந்தால், நேர்ச்சாலையில் போகும்போதும், இரு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் வளைவில் திரும்புவதுபோல ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். முப்பது கிலோமீட்டர் போனதோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்து டிஸ்க்கைப் பாருங்கள். டயரைக் கழற்றியதும், விளிம்புக்கு உள்ளே டயர் உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு மேடு ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேடு இருந்தால் டியூப்லெஸ் போடலாம். பழைய வண்டிகளின் டிஸ்க்குகள் பலவற்றில் அந்த மேடு இருக்காது. அதில் டியூப் இல்லாமல் போட்டால் வளைவில் பக்கவாட்டு அழுத்தத்தில் டயர் விளிம்பை விட்டு நகர்ந்து, ஒரே மூச்சில் காற்று போய்விடும். துருப்பிடித்த டிஸ்க் என்றால் மேடு இருந்தாலும் காற்று கசியும்.

டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு செங்கல்லின் மேல் பென்சிலை வைத்து முனை விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. கற்சாலையில் மூட்டையோடு போகும் வண்டியில் ஒன்றாவது வளைந்திருக்கும் என்பது என் அனுபவம்.

மஞ்சக்குட்டை ஆசிரியை

ஐயாக்களுக்கு வணக்கம். நான் இயற்பியல் கற்பிப்பவள்; நானே ஆம்னி ஓட்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். காற்றைப் பற்றிச் சங்ககிரி ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் மலைவாசிகளாகிய நாம் அனைவரும் செய்யும் பிழை இது.

நாம் பெரும்பாலும் சேலத்தில்தான் காற்றடிக்கிறோம். மலையிறங்கி, பிரேக்கும் டயரும் சூடாகி, நண்பகல் வெயிலில் நிலையத்துக்குப் போய் நிற்கிறோம். அளவுமானி 36க்குப் பதிலாக 40 காட்டுகிறது. அதிகமாக இருக்கிறது என்று பையன் காற்றை இறக்கிவிடுகிறான். மறுநாள் விடியற்காலையில் மலையில் அதே டயரை அளந்தால் முப்பதுக்கு வந்திருக்கும். சூடான டயரில் இருக்கும் கூடுதல் அழுத்தம் சூட்டின் அழுத்தமே. அதை ஒருபோதும் இறக்கக் கூடாது.

டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்தாலும் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு உண்டு. சேலத்தில் 38 டிகிரியில் 36 பவுண்டு அடைத்துவிட்டு, ஏற்காட்டில் 12 டிகிரி குளிர்காலக் காலையில் அளந்தால், வெப்பக் குறைவினால் மட்டும் நான்கு பவுண்டு இறங்க வேண்டும். ஆனால் நாம் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டோம். வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்திருக்கிறது. அளவுமானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் என்பதால், அதில் இரண்டு பவுண்டு திரும்பக் கிடைக்கிறது. ஆக மொத்த இழப்பு இரண்டு பவுண்டு. மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் நம்ப மறுக்கிறார்கள். வண்டியைக் கொண்டுவந்து காட்டியபின் நம்பினார்கள். கையளவு அளவுமானி ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதே சரியான வழி. எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ வெறும் வண்டிக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என்று இருக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். எனக்கு இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். புதியதை முன்னால் போடச் சொல்கிறார் என் மெக்கானிக். ஸ்டியரிங் முன்னால் இருக்கிறது, முன் டயர் வெடித்தால் ஆபத்து என்கிறார். சரிதானா?

சங்ககிரி லாரிக்காரர்

அம்மா, உங்கள் மெக்கானிக் சொல்வதையே இந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். வெடிக்கிற நிலையில் உள்ள டயரை எந்தப் பக்கமும் போடக் கூடாது என்பதால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வழுக்கல். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி வளையாமல் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மீண்டும் பிடிக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதை மீட்பது பழகிய கைக்கே கடினம். அதிலும் ஆம்னிக்கு இழுவை பின்சக்கரத்தில். எனவே புதியவை பின்னால்.

மஞ்சக்குட்டை ஆசிரியை

விளக்கத்துக்கு நன்றி ஐயா. என்னிடம் இருக்கும் மற்ற இரண்டும் மூன்று ஆண்டு பழையவைதான், வெடிப்பு இல்லை. பட்டனின் பள்ளத்தில் உள்ள மேட்டுக் குறிக்கு இன்னும் நல்ல இடைவெளி இருக்கிறது. அவற்றை முன்னால் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் விரைவில் தேய்கிறது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று.

கொண்டலாம்பட்டி பழைய மெக்கானிக்

அது அலைன்மென்ட் அல்ல அம்மா, கொண்டை ஊசி வளைவு. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கிறீர்களோ அத்தனை முறை முன் டயரின் வெளித் தோள் தரையில் இழுபடுகிறது. காற்று குறைவாக இருந்தால் இருமடங்கு இழுபடும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வந்தால் ஓரளவு சமமாகும். உள் ஓரம் தேய்ந்தால் அலைன்மென்டையும், முன்சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயின்டையும் சந்தேகியுங்கள்.

ஜங்ஷன் கணக்காளர்

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டு வண்டி என்றால் பதினைந்து ஆண்டு முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கும் வரிசையில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. புதுப்பிப்புக்குப் போகும்போது ஆய்வாளரின் கண்ணில் முதலில் படுவது வெளியே துருத்தி நிற்கும் அகல டயர்தான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு மதிப்பீட்டாளரும் அதைத்தான் முதலில் எழுதுவார். பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. அழகுக்குச் செலவு செய்பவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாப்பேட்டை இளைஞன்

இத்தனை பேர் சொன்னபின் நானும் என் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். டயரின் உள் பக்கத்தில், தகடு உரசிய தடம் விரல் அகலத்துக்கு ஓடுகிறது. சத்தம் நின்றுவிட்டதே தவிர உரசல் நிற்கவில்லை. இன்னொன்றும் கண்டேன்: அலாயின் நடு ஓட்டை, சக்கரம் மாட்டும் அச்சு முனையான ஹப்பைவிடப் பெரிது, இடையில் வளையம் எதுவும் போடவில்லை. சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது. எண்பது கி.மீ. வேகத்தில் வண்டி நடுங்கியதற்கு நான்கு முறை பேலன்சிங் செய்திருக்கிறேன்!

நாகலூர் ஐயா, உங்கள் மகன் அலாய்தான் வேண்டும் என்றால் 12 அங்குலத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். துளை வட்டத்தை அளந்து வாங்கட்டும்; ஆம்னிக்கு நான்கு துளை, 114.3 மி.மீ. எதிரெதிர்த் துளைகளில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்தால் அந்த எண் வர வேண்டும். பழைய சாமான் கடையில் நூறு மி.மீ. டிஸ்க்கைக் காட்டி, கொஞ்சம் தட்டினால் ஏறிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

கொண்டலாம்பட்டி பழைய மெக்கானிக்

தம்பி, கழற்றிப் பார்த்ததை மறைக்காமல் எழுதினீர்களே, அது பெரிய காரியம். வளையம் ஒன்று போட்டுவிட்டு, உரசல் நிற்கும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். அலாய்க்கு உரிய நட்டு வேறு, இரும்பு டிஸ்க்குக்கு உரிய நட்டு வேறு, அதையும் பாருங்கள். ஸ்டெப்னி இரும்பாக இருந்தால் அதற்கான நட்டு நான்கைத் தனியாக வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

நாகலூர்க்காரர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் கேட்ட கடையை விட்டுவிட்டு, குட்டி யானைகள் நிற்கும் ஒரு கடையில் சொல்லிவைத்தேன். பத்து நாளில் 145 ஆர்12 எல்டி 6 பி.ஆர். ஐந்தும் வந்தன. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் பார்த்துத்தான் இறக்கச் சொன்னேன். ஐந்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு ஆண்டு பழையதாக இருந்தது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுத்தார்.

பழைய டயர்களைக் கழற்றியபோது தெரிந்தது: என் டிஸ்க்குகளில் அந்த மேடு இல்லை. பென்சில் சோதனையில் இரண்டு வளைந்திருந்தன; முன்சக்கரம் ஒன்றும் ஸ்டெப்னியும். அவற்றுக்குப் பதிலாக அதே அளவில் இரும்பு டிஸ்க் இரண்டு வாங்கினேன். அலாய்க்கு ஆகும் பணத்தில் பாதிகூட ஆகவில்லை. ஐந்துக்கும் புது டியூப் போட்டேன். பின்சக்கரத்துப் பழைய டியூப் ஒன்றில் ஒட்டு பாதி உரிந்திருந்ததைப் பஞ்சர் கடைப் பையன் எடுத்துக் காட்டினான். இறக்கத்தில் டிரம்மின் சூடு டிஸ்க்குக்கு ஏறி ஒட்டை இளக்கிவிடுகிறது என்றான். இப்போது இரண்டாம் கியரிலேயே இறங்குகிறேன்.

கழற்றும் முன் மகன் ஒரு வேலை செய்தான். களத்துச் சிமெண்டுத் தரையில், ஒவ்வொரு டயரிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளந்தான். ஸ்டெப்னி ஒரு மீட்டர் 55 செ.மீ., பழைய பின் டயர் ஒரு மீட்டர் 64, புதியது ஒரு மீட்டர் 66. ஸ்டெப்னிக்கும் புதியதற்கும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரலுக்கு மேல் வித்தியாசம். அந்தக் கோடுகளைப் பார்த்தபின் அவன் 13 அங்குலத்தைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று பெருமழையில் ஏழு பேருடன் ஏறினேன். முன்பு வழுக்கிய வளைவில் வேண்டுமென்றே மெதுவாகத்தான் திரும்பினேன். சக்கரம் பிடித்த இடத்தில் நின்றது. குலுக்கல் சற்றுக் கூடியிருக்கிறது, குறிப்பாக நான் தனியாகப் போகும்போது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கொண்டலாம்பட்டி பழைய மெக்கானிக்

நல்லது ஐயா. புது டிஸ்க் போட்டால் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்க வேண்டும். பெயின்ட் அமுங்கித் தளரும். செய்தீர்களா?

நாகலூர்க்காரர்

செய்யவில்லை. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வாசலுக்குப் போய்ச் செய்துவிட்டு வருகிறேன். புது டிஸ்க் போட்ட முன்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின.